மண் தடத்துக்கு ஒரு பின்சக்கர வண்டி: வடசென்னையில் எதை வாங்கிக் கட்டுவது?

கையில் நான்கு லட்சம் ரூபாய். அதற்குள் வண்டி வாங்கி, உள்ளே ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு) கட்டி, இருக்கை, பெல்ட், டயர் வரை முடித்து மண் தடத்தில் இறக்க வேண்டும். வண்டியைத் தள்ளுவது பின்சக்கரமாக இருக்க வேண்டும். மாதவரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துப் பட்டறைகளில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்காக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

மண் தடப் போட்டி என்றதும் பலர் சொல்வது ராலிகிராஸ். அது 1967 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லிடன் ஹில் தடத்தில் பிறந்தது. தாரும் மண்ணும் கலந்த குறுகிய தடம். பல கார்கள் ஒன்றாகப் புறப்படும். அமெரிக்காவில் அதே பெயரில் நடப்பது வேறு வகை. மண் திடலில் கூம்புகளை நட்டு, ஒவ்வொரு காராக விட்டு, நேரத்தைக் குறிப்பார்கள். நம் ஊரில் ஆட்டோகிராஸ் என்று நடப்பது இந்த இரண்டாம் வகைக்கு நெருக்கமானது. புதிதாகத் தொடங்குகிறவர் இதில்தான் தொடங்க வேண்டும். பக்கத்துக் கார் வந்து இடிக்காது. பிழை செய்தால் கூம்பு சாயும், நேரம் கூடும்.

இந்தப் போட்டிக்கு வெளிநாட்டவர் சொல்லும் வண்டிகளின் பட்டியல் நமக்கு உதவாது. மாஸ்டா எம்.எக்ஸ்-5, பி.எம்.டபிள்யூ. இ30, இ36 என்று அவர்கள் அடுக்குவார்கள். மாஸ்டா இங்கே கார் விற்றதே இல்லை. இ30 இந்தியாவில் கண்ணில் பட்டால் அது சேகரிப்பாளரின் கொட்டகையில்தான் நிற்கும். நம் பட்டியலை நம் சாலைகளில் ஓடிய வண்டிகளிலிருந்துதான் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பைதான் குறிக்கோள் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஒரு பழைய மாருதி எஸ்டீமோ ஸ்விஃப்டோ வாங்குங்கள். குறைந்த சக்தியுள்ள வண்டிகளில் முன்சக்கர இயக்கம் மண்ணில் நன்றாகவே பிடிக்கும்; உதிரிபாகமும் மலிவு. பின்சக்கர வண்டியைத் தேடுகிறவர் தேடுவது வேறொன்று. முன்சக்கரம் திருப்பும் வேலையை மட்டும் செய்ய, வண்டியின் பின்பாதியை ஆக்சிலரேட்டரால் வளைக்கும் கலையை அவர் கற்க விரும்புகிறார். எடை எந்தச் சக்கரத்தின் மேல் எப்போது சாய்கிறது என்பதை உடம்பால் உணர்வதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அந்த ஆசைக்கு நான் மனதார ஆதரவு.

முதலில் உயரம், பிறகு எடை, பிறகு உதிரிபாகம்

எல்லோரும் முதலில் எஞ்சின் சக்தியைத்தான் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். மண் தடத்தில் வண்டி பக்கவாட்டில் சறுக்கும்போது சக்கரம் ஒரு பள்ளத்திலோ மண் மேட்டிலோ தடுக்கினால் உயரமான வண்டி உருண்டுவிடும். இதை அளக்க எளிய வழி உண்டு: இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை எடுத்து, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். சாதாரண கார்களுக்கு விடை 1.3 முதல் 1.5 வரை வரும். ஜீப் வகை, வேன் வகை வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. ஒன்றை நெருங்க நெருங்க ஆபத்து.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு எடை–சக்திக் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு குதிரைத்திறனும் எத்தனை கிலோவைச் சுமக்கிறது? 1.3 லிட்டர் ஜிப்சிக்கும் ஈக்கோவுக்கும் ஏறத்தாழ 12 கிலோ. 1.8 லிட்டர் கான்டெஸாவுக்கு 14-ஐ ஒட்டி. நானோவுக்கு 16. பிரீமியர் 118என்.இ.க்கு 18-ஐ ஒட்டி. பத்மினிக்கு 20-க்கு மேல். கணக்கில் முதலிடம் பிடிக்கும் ஜிப்சியும் ஈக்கோவும்தான் பட்டியலில் உயரமான வண்டிகள். சக்தியை மட்டும் பார்த்து வாங்குகிறவர் எளிதில் உருண்டுவிடும் வண்டியைத்தான் தேர்ந்தெடுப்பார்.

மூன்றாவது உதிரிபாகம். சனிக்கிழமை இரவு ஆக்சில் ஒடிந்தால் ஞாயிறு காலைக்குள் மாற்ற முடிய வேண்டும். புதுப்பேட்டையில் கிடைக்குமா, பிராட்வே கடைகளில் கிடைக்குமா, அல்லது பக்கத்து லேத் பட்டறையில் கடைந்துகொள்ள முடியுமா என்று ஒவ்வொரு பாகத்துக்கும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

விரைவாகக் கழித்துவிட வேண்டியவை

குவாலிஸ், டவேரா, சுமோ வகைகள் பின்சக்கர இயக்கம் உள்ளவை, ஏராளமாகக் கிடைப்பவை. ஆனால் ஒன்றரை டன்னை ஒட்டியும் அதற்கு மேலும் போகும் டீசல் பெட்டிகளை மண்ணில் வளைப்பதில் எந்தச் சுகமும் இல்லை. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை வெட்டிக் கூண்டு கட்டுவது பாவம்; அது பாதுகாக்கப்பட வேண்டிய கார். ரோவரின் உடம்பில் பழைய இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து 1980களில் இங்கே செய்த ஸ்டாண்டர்டு 2000 இன்று மிக அரிது.

பழைய ஜெர்மன் கார்கள் பலரை மயக்குகின்றன. 2007 முதல் மறைமலைநகர் பக்கத்து மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் பாகங்களைப் பூட்டித் தயாரிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளின் கார்கள் இன்று ஒரு புதிய சின்னக் காரின் விலையைவிடக் குறைவாகவே கைமாறுகின்றன. முன்னும் பின்னும் சம எடை, நல்ல சஸ்பென்ஷன், போதிய சக்தி என்று ஓட்டுவதற்கு இந்தப் பட்டியலிலேயே சிறந்தது அதுதான். ஆனாலும் நம் கணக்கில் வாங்கக் கூடாது. ஒரு பள்ளத்தில் முன்பக்க அலுமினியக் கை வளைந்தால் அதன் விலையில் பத்மினிக்கு முழு சஸ்பென்ஷனே செய்துவிடலாம். மின்னணுச் சாதனங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டு எஞ்சினை முடக்கிப் போடும். அதை அவிழ்க்கத் தெரிந்தவர் வியாசர்பாடித் தெருவில் இருக்க மாட்டார்.

அம்பாசடரும் கான்டெஸாவும்

அம்பாசடர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), அதனால் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது எளிது. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். மாதவரம் லாரி நிறுத்தங்களைச் சுற்றியுள்ள எந்தப் பட்டறையிலும் ஒரு பட்டையைக் கூட்டவோ கழிக்கவோ செய்வார்கள். ரேக் அண்டு பினியன் ஸ்டீயரிங். அடித்தளமோ எதையும் தாங்கும். 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் உள்ள அம்பாசடர் கிடைத்தால் 75 குதிரைத்திறன் கைக்கு வரும். குறை இரண்டு. ஒரு டன்னுக்கு மேல் போகும் எடை ஒன்று. பெட்ரோல் வண்டிகள் அரிதாகவே கிடைப்பது மற்றொன்று. டாக்சியாக ஓடித் தேய்ந்தவற்றில் பெரும்பாலானவை டீசல். உற்பத்தி 2014இல் நின்றுவிட்டதால் நல்ல பெட்ரோல் வண்டிகளைப் பழமை விரும்பிகள் விட்டுவைப்பதில்லை.

கான்டெஸாவின் நிலை இன்னும் வருத்தமானது. தட்டையான நீண்ட உடல், தரையை ஒட்டித் தாழ்வாக நிற்கும் அமைப்பு, பின்பக்கமும் காயில் ஸ்பிரிங், 1.8 லிட்டர் இசுசுவில் 88 குதிரைத்திறன், ஐந்து கியர். மண் தடத்தில் நீளமாகச் சறுக்கிப் போக நம் நாட்டில் இதைவிட அழகான வண்டி தயாரானதில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்லியிருப்பேன். இன்று துருப்பிடித்த கான்டெஸாவுக்குக்கூட உரிமையாளர்கள் பல லட்சம் கேட்கிறார்கள். கண்ணாடி, ஓரப் பட்டி, விளக்கு எதுவும் எளிதில் கிடைக்காது. விலை ஏறிக்கொண்டே போகும் ஒரு காரைக் கூம்புகளுக்கு நடுவே நசுக்க மனம் வராது. மனம் வராமல் ஓட்டுகிறவர் வேகமாகவும் ஓட்ட மாட்டார்.

வேன்கள்

ஆம்னியைக் கேட்கிறவர்கள் அதிகம். மலிவு, எல்லா ஊரிலும் உதிரிபாகம், பின்சக்கர இயக்கம். ஆனால் ஓட்டுநரின் கால்கள் முன் ஆக்சிலுக்கும் முன்னே இருக்கின்றன. மோதலில் நசுங்கிக் காப்பாற்றுவதற்கு முன்னால் எதுவும் இல்லை. 1840 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியும் அந்த உயரமும் சேர்ந்தால் சுழலவும் செய்யும், உருளவும் செய்யும். ஆம்னியை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். வேறு எந்த வண்டியைப் பற்றியும் இவ்வளவு கண்டிப்பாக நான் சொல்லப் போவதில்லை.

ஈக்கோ அடுத்த தலைமுறை. எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் கிடப்பதால் எடை இரண்டு ஆக்சில்களுக்கு நடுவே அமைகிறது. பழைய 1.2 லிட்டர் எஞ்சினில் 73 குதிரைத்திறன், பின்பக்கம் காயில் ஸ்பிரிங், ஐந்து கியர். பள்ளி வேனாகவும் பொருள் ஏற்றும் வண்டியாகவும் ஓடித் தேய்ந்தவை செங்குன்றம் சாலை நெடுகக் கிடைக்கும். அதற்கு முன்னோடியான வெர்ஸாவில் 1.3 லிட்டர், 16 வால்வு ஜி13பிபி எஞ்சின் இருந்தது. எஸ்டீமிலும் ஜிப்சியிலும் இருந்த அதே குடும்பத்து எஞ்சின். விற்பனையில் தோற்ற வண்டி என்பதால் விலை இறங்கிக் கிடந்தது. காகிதத்தில் பார்த்தால் இவை ரகசியப் புதையல்கள். ஆனால் 2016இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஈக்கோ ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. உயரமோ ஏறத்தாழ 1.8 மீட்டர். நல்ல கூண்டு கட்டினால் உள்ளே இருப்பவரைக் காக்கலாம். உருளும் இயல்பைக் கூண்டு மாற்றாது. வெர்ஸாவை நான் எஞ்சினுக்காக மட்டுமே விலை பேசுவேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜிப்சி

இந்திய ராலியின் வரலாற்றை ஜிப்சி இல்லாமல் எழுத முடியாது. ராலி ஓட்டுநர் ஹரி சிங் அதில்தான் பெயர் பெற்றார். 1985இல் 970 சி.சி.யோடு வந்து, பிறகு 1.3 லிட்டராகி, 2000இல் 80 குதிரைத்திறனை எட்டியது. எடை ஒரு டன்னுக்குக் கீழே. முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரோப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் பின்சக்கர வண்டி. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கூண்டு வரைபடம் எல்லாவற்றுக்கும் தென்னிந்தியாவில் அனுபவம் உள்ள கைகள் இருக்கின்றன. தெரியாத எதையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பது பெரிய வரம்.

தடைகள் மூன்று. உற்பத்தி நின்ற பிறகு ஏறிய விலை முதலாவது; நான்கு லட்சத்தில் வண்டிக்கே பெரும்பங்கு போய்விடும். இரண்டாவது, 2375 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியில் நின்ற உயரமான உடல். அனுபவசாலி அதைச் சமாளிப்பார். முதல் ஆண்டு ஓட்டுநர் உருட்டுவார். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. நான்கு சக்கர இயக்கத்தோடு பிறந்த வண்டியில் ஷாஃப்டைக் கழற்றினாலும் போட்டி விதிகளின்படி எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்பதை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி விதிப்புத்தகத்தில் படித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பணம் இருந்து, பக்கத்தில் கற்றுத்தர ஒருவரும் இருந்தால் ஜிப்சி வாங்குங்கள். நம் கணக்குக்கு அது எட்டாது.

நானோ

இங்கேதான் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். எஞ்சின் பின்னால், ஓட்டும் சக்கரங்களின் மேலேயே எடை. பொலபொலப்பான மண்ணில் புறப்படும்போது வழுக்காமல் பிடிக்கும். சுமார் 600 கிலோ. பின்பக்கமும் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன். 624 சி.சி., இரண்டு சிலிண்டர், 37 குதிரைத்திறன். விலை ஒரு லட்சத்தை ஒட்டியே கேட்கிறார்கள். பேரம் பேசினால் இன்னும் இறங்கும்.

குறைகளும் உண்டு. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். சக்கரத்துக்கு மூன்று நட்டுகள். 12 அங்குல ரிம்முக்கு மண் தடப் பந்தய டயர் எளிதில் கிடைக்காது. டிஃபரன்ஷியலும் (வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி) கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பதால் அதில் கைவைக்க முழுவதையும் இறக்க வேண்டும். 2014இல் வெளியான குளோபல் என்கேப் முடிவில் நானோவும் பூஜ்யம்தான் வாங்கியது. ஆகவே கூண்டில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்கக் கூடாது. அதன் உயரம் 1.65 மீட்டர், வேன்களைவிடப் பரவாயில்லை, கார்களைவிட மோசம். உற்பத்தி 2018இல் நின்றதால், வாங்கும்போதே உதிரிக்கென்று இரண்டாவது நானோ ஒன்றையும் காயலான் கடை விலைக்குப் பிடித்துவைப்பது நல்லது. சக்தி குறைவான வண்டி வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்றுத்தரும். தொடக்கக்காரருக்கு அது உண்மையான பாடம்.

பத்மினியா, 118என்.இ.யா?

என் மனம் இந்த இரண்டில்தான் நிற்கிறது. இரண்டும் தாழ்ந்த, இலகுவான, எளிமையான கார்கள். முன்னால் எஞ்சின், பின்னால் ஆக்சிலும் டிஃபரன்ஷியலும் அமரும் ஹவுசிங், நடுவில் ஒரு ஷாஃப்ட். இவற்றின் மீது நம் பகுதிக்கு ஓர் உரிமையும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சோழவரம் ஓடுபாதையில் 1950கள் முதல் 1980களின் இறுதி வரை பந்தயங்கள் நடந்தபோது ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே சீறின. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகு அந்த ஓசை செங்குன்றம் சாலையை விட்டுப் போனது. ஆனால் ஃபியட் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கைகள் இன்னும் வடசென்னையில் இருக்கின்றன. கார்பரேட்டர் ஜெட் எண்ணைக் காதால் கேட்டே சொல்லும் பெரியவர்களை மூலக்கடையிலும் பெரம்பூரிலும் இன்றும் பார்க்கலாம். அவர்கள் பட்டறையை மூடுவதற்குள் அந்த அறிவை ஒரு தலைமுறை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பத்மினியில் 1089 சி.சி., 40-ஐ ஒட்டிய குதிரைத்திறன், ஏறத்தாழ 900 கிலோ. முன்பக்கம் இரட்டை விஷ்போன், காயில் ஸ்பிரிங். அந்தக் காலத்துக்கு நேர்த்தியான அமைப்பு. பின்பக்கம் பட்டை. பெரும்பாலான வண்டிகளில் கியர் ஸ்டீயரிங்கோடு ஒட்டியிருக்கும். கூர்மையான வளைவில் இறங்குமுன் கியர் மாற்றுவதற்கு அது தடையாக இருக்கும். தரைக் கியர் வந்த பிற்கால வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள். 14 அங்குலச் சக்கரம் என்பதால் டயருக்குத் திண்டாட்டம் இல்லை. பாகங்கள் புதுப்பேட்டையில் இன்னும் கிடைக்கின்றன. மும்பையில் நெடுங்காலம் டாக்சியாக ஓடிய கார் என்பதால் பிஸ்டன், பேரிங், கிளட்ச் எல்லாவற்றுக்கும் மாற்றுச் சரக்கு உண்டு. பலவீனம் பிரேக்கும் பின் ஆக்சிலும். சக்தி மிகக் குறைவு என்பது வெளிப்படை.

118என்.இ.க்குப் பின்னால் பெரிய பரம்பரை இருக்கிறது. அது ஃபியட் 124 குடும்பம். அதே 124-இலிருந்துதான் சோவியத் நாட்டில் லாடா பிறந்தது. லாடா 2105-ஐ வைத்து லிதுவேனியாவின் ஸ்டாசிஸ் புருன்ஜா உருவாக்கிய வி.எஃப்.டி.எஸ். ராலி கார் கிழக்கு ஐரோப்பாவின் மண் சாலைகளை ஆண்டது. இன்றும் அங்கே லாடாக்களைச் சறுக்கவிட்டு ஓட்டுகிறார்கள். அந்த எலும்புக்கூட்டின் நெருங்கிய உறவினர் நம் தெருமுனையில் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார். எஞ்சினோ நிசானின் 1171 சி.சி. ஏ12. ஜப்பானில் டட்சன் சன்னி கார்கள் பல ஆண்டுகள் பந்தயத் தடத்தில் அலறியது இந்த எஞ்சினின் பலத்தில்தான். நம் வண்டியில் அது தரும் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட குதிரைத்திறன் அதன் முழு ஆற்றல் அல்ல. பின்பக்கம் காயில் ஸ்பிரிங்கும் கைகளும் ஒரு குறுக்குத் தண்டும் இருப்பதால், குண்டுகுழியில் பின் ஆக்சில் பத்மினியைவிட ஒழுங்காக நிற்கும். பெட்டி போன்ற நேர்கோட்டு உடலில் கூண்டு கட்டுவதும் எளிது.

குறை உதிரிபாகத்தில் இருக்கிறது. பத்மினி அளவுக்கு 118என்.இ. விற்கவில்லை. முன் கண்ணாடி உடைந்தால் தேடி அலைய வேண்டும். ஆகவே ஓடாத, பாதி கழற்றிய 118என்.இ.யை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எல்லாப் பாகமும் பூட்டிய, சொந்தக் காலில் ஓடிவரும் வண்டியாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று துருவில்லாமல் ஒன்றரை லட்சத்துக்குள் அமைந்தால் என் தேர்வு அதுவே. அமையாவிட்டால் பத்மினி. அதற்கும் பணம் பற்றாதவருக்கு நானோ.

எஞ்சின் மாற்றம் பற்றி ஒரு வார்த்தை. ஜிப்சியின் 1.3 லிட்டர் எஞ்சின் நெடுக்குவாட்டில் நிற்கிறது. முன்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனிப் பெட்டியாக இருக்கிறது. எனவே அந்தப் பெட்டியை விட்டுவிட்டு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மட்டும் ஒரு ஃபியட்டில் இறக்க முடியும். எஞ்சின் பாகங்களுக்கு வெர்ஸாவும் எஸ்டீமும் கைகொடுக்கும். 900 கிலோவில் 80 குதிரைத்திறன் என்றால் எல்லாக் கணக்கும் தலைகீழாகும். ஆனால் முதல் ஆண்டில் இதைச் செய்ய வேண்டாம். மாற்றிய வண்டி வேறு வகுப்புக்குப் போய்விடும். பழைய பிரேக்கும் ஹவுசிங்கும் அந்தச் சக்தியைத் தாங்குமாறு மாற்ற வேண்டியிருக்கும். அதற்குள் பணம் தீர்ந்து, வண்டி கொட்டகையிலேயே கிடக்கும்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டிய ஒரே மாற்றம் டிஃபரன்ஷியலில். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டி வளைவில் உள்பக்கச் சக்கரத்தை வீணாகச் சுழற்றும். அதன் உள்ளே உள்ள சிறு பற்சக்கரங்களைப் பற்றவைத்து இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைப்பது மலிவான பழைய வழி. மண்ணில் டயர் வழுக்குவதால் ஆக்சில் தப்பிக்கும். தார்ச் சாலையில் அதே வண்டியைத் திருப்பினால் ஆக்சில் முறுக்கேறும்.

கடற்காற்றும் வெள்ளமும்

வடசென்னையில் வண்டி பார்க்கும்போது துருதான் முதல் எதிரி. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் நின்ற வண்டிகளை உப்புக் காற்று கீழிருந்து தின்றிருக்கும். ஒரு காந்தமும் திருப்புளியும் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி அப்பியிருக்கிறது. ஃபியட்களில் கதவுக்குக் கீழுள்ள சட்டம், ஓட்டுநர் காலடித் தகடு, பின் ஸ்பிரிங் அமரும் இடம், ஷாக் அப்சார்பர் மேல்முனை ஆகியவற்றைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். தகடு போனால் டிங்கரிங் செய்யலாம். சஸ்பென்ஷன் பூட்டும் இடம் போனால் விலகிவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் சந்தையில் இருக்கின்றன. கதவு அட்டையைக் கழற்றினால் உள்ளே வண்டல் கோடு தெரியும். பழைய கார்பரேட்டர் வண்டிக்கு வெள்ளம் அவ்வளவு பெரிய கேடு இல்லை. நானோவுக்கும் ஈக்கோவுக்கும் மின்கம்பிகள் வழியாகத் தீராத தொல்லை.

கூண்டு, டயர், ஆவணம்

கூண்டு விஷயத்தில் வடசென்னைக்காரருக்கு நல்வாய்ப்பு உண்டு. சர்வதேச விதிப்படி கூண்டுக் குழாய் ஒட்டில்லாமல் குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகாக இருக்க வேண்டும். இழுவலிமை குறைந்தது சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டன். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 50-க்கு 2. மற்றக் குழாய்களுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. தண்ணீர்க் குழாயை வளைத்துக் கட்டினால் சோதனையில் நிராகரிப்பார்கள். நிராகரிக்காவிட்டால் அது இன்னும் ஆபத்து. பாரிமுனை செம்புதாஸ் தெருவில் சீம்லெஸ் குழாயைச் சோதனைச் சான்றோடு கேட்டு வாங்குங்கள். அடித்தகடுகளுக்கு 3 மி.மீ. தகடு சாத்தங்காடு இரும்புச் சந்தையில் கிடைக்கும். மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் அனல்மின் நிலையங்களிலும் அழுத்தக் குழாய்களைப் பற்றவைத்துத் தேர்ச்சி பெற்ற வெல்டர்கள் நம் தெருக்களில் வசிக்கிறார்கள். அலங்கார கிரில் செய்கிறவரிடம் கூண்டைக் கொடுக்காமல் அவர்களைத் தேடிப் போங்கள்.

ஹெல்மெட்டும் பெல்ட்டும் புதிதாகவே வாங்க வேண்டும். இருசக்கர வண்டிக்கான ஹெல்மெட்டுக்குத் தீச் சோதனை கிடையாது. கார் பந்தயத்துக்கு உரியதை வாங்குங்கள். டயருக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்.பின் டயரில் 2022 ஐரோப்பிய ராலிப் பட்டமே வெல்லப்பட்டது. புதிய ராலி டயருக்குப் பணம் பற்றாவிட்டால், ராலி ஓட்டுகிறவர்கள் கழிப்பதைக் கேட்டு வாங்கலாம். பாதி தேய்ந்த மண் டயர்கூடச் சாலை டயரைவிட மேல்.

ஆவணமில்லாத வண்டியை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். எஞ்சின் எண், சேசிஸ் எண், ஆர்.சி. மூன்றும் பொருந்த வேண்டும். பெயர் மாற்றம் முடிந்த பிறகே பிரிக்கத் தொடங்க வேண்டும். கூண்டு கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் போட்டி உரிமமும் உங்கள் பெயரில் வேண்டும். போட்டி நாளில் ரெக்கவரி வண்டியில் ஏற்றி, செங்குன்றத்தில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து நசரத்பேட்டையில் இறங்கினால் நகர நெரிசல் இல்லாமல் இருங்காட்டுக்கோட்டை போய்ச் சேரலாம். அந்த வாடகையையும் தொடக்கத்திலேயே நான்கு லட்சத்துக்குள் எழுதிவையுங்கள். மிச்சமிருக்கும் பணத்தில் அழகுக்கு எதுவும் வாங்காமல், இரண்டு பின் ஆக்சில்களும் ஷாஃப்டை இணைக்கும் ஒரு கிராஸும் ஒரு கிளட்ச் தட்டும் வாங்கிப் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.